மாமனாருக்கு இருமக் கற்றுக்கொடுத்தேன்

பிள்ளைகளா, உங்கள் அப்பனுக்கு எதையும் எளிதில் நம்பத் தெரியாது. பால்காரர் கண்ணெதிரே அளந்து ஊற்றினாலும் செம்புக்குள் எட்டிப் பார்ப்பேன். இந்தக் குணத்தால் உங்கள் சித்தி கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. அதை அம்மா சொல்லிக் கேட்பதைவிட (அவள் கூட்டிச் சொல்வாள்) நானே சொல்லிவிடுகிறேன்.

திருவிதாங்கூரையும் கொச்சியையும் ஒன்றாக்கிய சமயம். ராஜா போய் மந்திரிகள் வந்தார்கள், சக்கரக் காசு போய் அணா வந்தது. பென்ஷன் சட்டமும் மாறுகிறது என்றார்கள். பென்ஷனில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால், ஈடாக ஒரு தொகையை மொத்தமாகத் தருவார்களாம். சர்வே ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றவர் அம்மாவைப் பெற்ற தாத்தா. சித்தி கல்யாணத்துக்காக எழுதிப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் உடம்பைக் காட்டும்படி பதில் வந்தது.

எனக்குச் சுருக்கென்றது.

"மாமா, பணம் தர டாக்டர் எதுக்கு? திடமா இருக்கிற ஆளைக் கண்டுபிடிச்சு, 'தெம்பு இருக்கே, திரும்ப வேலைக்கு வா'ன்னு பென்ஷனை நிறுத்தப் போறாங்க."

"என்ன மாப்பிள்ளே சொல்லுதிய? எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லையே!"

"அதான் ஆபத்து."

சில நாள் இருமப் பழக்கினேன். பாத்திரக் கடையில் நிற்கிற எனக்குள் வைத்திய ஞானம் பொங்கி வழிந்தது. கழுத்தில் மப்ளர், நெற்றியில் சுக்குப் பற்று, கையில் இரவல் தடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பழவங்காடியில் எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் தாத்தாவைப் பார்த்துக் கண்கலங்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் மலையாளி, நல்ல மனுஷர். "காரணவரே, ரொம்ப நாளாயிட்டோ?" என்றார் மரியாதையாக. தாத்தா இருமினார். நான் சும்மா இருப்பேனா?

"ராத்திரியில மூச்சே நின்னுபோகுது சார். போன வாரம் நாங்க அழுதே முடிச்சிட்டோம்."

டாக்டர் பேனாவை மூடினார். "கஷ்டம்தான். இன்னும் நெறைய வருஷம் ஜீவிக்கிற ஆளுக்குத்தான் இந்தப் பணம். இவருக்கு எழுத முடியாது."

இருமல் அந்த நொடியே நின்றது. தாத்தா தடியை என் கால்மேல் போட்டார், மப்ளரை உருவினார். "சார், இப்ப பாருங்க!" என்று காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. (பார்த்த எனக்கு வாங்கியது.)

இப்போது சந்தேகம் டாக்டருக்கு. "முதல்ல வந்த ரோகி எவிடே? ஆளை மாத்தியோ?"

"ஆளு நான்தான் சார். மருமகன்தான் சரியில்லை."

தாத்தாவை அடையாளம் சொல்ல, பழைய ஆபீசர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பிறகு வரச் சொல்லிவிட்டார் டாக்டர். அதற்குள் பழவங்காடியில் கண்கலங்கியவர், தாத்தாவுக்குக் கடைசிக் காலம் என்று மாப்பிள்ளை வீடு வரை சேதி சேர்த்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசலில் முண்டாசு கட்டி விறகு பிளந்துகொண்டிருந்த தாத்தாவை வேலையாள் என்று நினைத்து அவரிடமே, "பெரியவர் எப்படி இருக்காரு?" என்று கேட்டார்கள். பணம் வரத் தாமதமாகி, தைமாசக் கல்யாணம் ஆனிக்குப் போனது.

இன்றும் நம் வீட்டில் யார் இருமினாலும் அம்மா, "நெசமாவா, பென்ஷனுக்கா?" என்று கேட்பது இதனால்தான்.

கடைசியில் பணம் வந்தது. எல்லோரும் உள்ளே பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஜன்னலோரம் நின்று ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் நல்ல நோட்டுதான். இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்தேன்.