புட்நோட் பார்த்துக் கொடுத்த பைபிள்

மரக்காணம் உப்பளத்தில் ஆரம்பித்துப் பாண்டிச்சேரி எல்லை வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும், புட்நோட்டைப் போலத் தொல்லை பிடித்த ஆள் கிடைக்க மாட்டார். சந்தேகம் இருந்தால் எங்கள் கோயில் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

உப்பு லாரிகளுக்கு எடை போடுகிற எடைமேடையில் அவருக்கு வேலை. நிஜப் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. வீட்டில் விதவிதமான மொழிபெயர்ப்பில் பைபிள் வைத்திருக்கிறார். எல்லாரும் மேலே இருக்கிற வசனத்தைப் படிப்பார்கள். இவர் பக்கத்துக்கு அடியில் 'சில பிரதிகளில் வேறு மாதிரி' என்று பொடி எழுத்தில் இருக்கிற குறிப்பைப் படிப்பார். அதனால்தான் அந்தப் பேர். படித்ததோடு விட்டாரா? பேச்சே அப்படி ஆகிவிட்டது. "நாளைக்கு மழை வருமாங்க?" என்று லாரி டிரைவர் கேட்டால், "வரும். சில பிரதிகளில் 'வராது'ன்னு இருக்குது" என்பார். பிரசங்கத்தில் சாமியார் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும். "மூலத்துல வேற மாதிரி இருக்குதுங்க ஃபாதர்" என்று முன் பெஞ்சிலிருந்து குரல் வரும்.

என் தங்கச்சி ஸ்டெல்லாவுக்குப் பெரிய முதலியார்சாவடியில் மாப்பிள்ளை முடிவானது. நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் வேறு சபை. மாப்பிள்ளையின் அம்மா என்னிடம், "நகையெல்லாம் உங்க இஷ்டம் தம்பி. கீழே விளக்கம் போட்ட ஒரு நல்ல ஸ்டடி பைபிள் மட்டும் குடுத்தனுப்புங்க. நானும் மருமகளும் காலையில சேர்ந்து படிப்போம்" என்றார்.

பைபிள்தானே என்று பாண்டிச்சேரிக்குப் போனேன். இருப்பதிலேயே தடியாக, ஜிப் வைத்த உறை போட்ட ஒன்றை வாங்கி வந்தேன். அப்பா அதைப் புட்நோட்டிடம் காட்டினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோம்.

"ஏம்பா, இது யாரு படிக்க?"

"மனுஷங்கதான்."

"அந்தம்மா கண்ணாடி போடுவாங்களா?"

"போடுவாங்க."

"இந்த எழுத்துக்குக் கண்ணாடி பத்தாது, பூதக்கண்ணாடி வேணும்." பக்கத்தைப் புரட்டினார். "உப்பைப் பத்தி இயேசு பேசற இடத்துல கீழே ஒரு வரி விளக்கம் இல்லை. இதை வச்சிக்கிட்டு மரக்காணத்துல என்னா பண்றது?" கடைசியாகப் பொருளடக்கத்தைப் பார்த்தார். "தோபித்து காணோமே."

தோபித்து, பைபிளுக்குள் இருக்கிற ஒரு புத்தகம்; எங்கள் கல்யாணப் பூசைகளில் அதை வாசிப்பார்கள். அப்பா குதித்தார். "டேய், உன் தலையில மொளகா அரைச்சிட்டானுங்கடா!"

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. புட்நோட்டைப் பின்னால் உட்கார வைத்து வண்டியை விரட்டினேன். கடை வாசலிலேயே ஆரம்பித்தேன். "யோவ், இதுல புத்தகம் கொறையுது. மாத்திக் குடு!" தெருவே திரும்பிப் பார்த்தது. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார். "சார், நீங்க எடுத்தது அவங்க சபை பைபிள். அதுல அந்தப் புத்தகங்க எப்பவுமே இருக்காது. உங்களுதுலதான் இருக்கும்."

நான் புட்நோட்டைப் பார்த்தேன். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்பா."

"அப்பவே சொல்றதுக்கு என்னா?"

"ஒருத்தர் பேசறப்ப நடுவுல பேசக் கூடாது."

சாமியாரையே நடுவில் நிறுத்துகிற வாய் சொல்கிற பேச்சா இது?

அங்கேயே அவர் அலசி எடுத்துக் கொடுத்தார். எங்கள் பைபிள், பெரிய எழுத்து, கீழே நிறையக் குறிப்பு. விஷயம் சம்பந்தி வீட்டுக்குப் போனது. அந்தம்மா போன் செய்தார். "எங்க பைபிள்ல இல்லாத புத்தகம் எங்க வீட்டுக்கு வேணாம் தம்பி." அப்பா விடுவாரா? "அது இல்லாத பைபிளோட என் பொண்ணு போவ மாட்டா."

கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற அறிவிப்பு ஓலையில் ரெண்டு வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை அந்த ஞாயிற்றுக்கிழமை. "வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடு" என்றார் அப்பா. ஸ்டெல்லா தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சனிக்கிழமை காலை எடைமேடைக்குப் போய், வாய்க்கு வந்தபடி புட்நோட்டைத் திட்டினேன். மேடைமேல் லாரி நிற்க, அப்படியே விட்டுவிட்டுப் பைபிள் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "வண்டிய எடுப்பா."

சம்பந்தி வீட்டில் அவர் தோபித்து பேச்சையே எடுக்கவில்லை. அந்தம்மாவின் பழைய பைபிளில் ரூத்து புத்தகத்தை எடுக்கச் சொன்னார். ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "ஒரு வரி அம்மா படிப்பாங்க. அதே வரியை நீ நம்ம பைபிள்ல படி."

புருஷனைப் பறிகொடுத்த மருமகள், மாமியாரை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்கிற இடம் அது. அந்தம்மா "தேவன்" என்று படித்தார். போனில் ஸ்டெல்லா "கடவுள்" என்று படித்தாள். அந்தம்மாவின் தமிழ் கோயில் மணி மாதிரி. எங்களுடையது வீட்டில் பேசுகிற மாதிரி. நாலு வரி போயிருக்கும், ஸ்டெல்லாவுக்குக் குரல் உடைந்தது. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது இந்த ஆள் வாயைத் திறந்தால் கல்யாணம் காலி என்று அவர் காலை மிதித்துப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மாவே கேட்டுத் தொலைத்தார். "இந்த இடத்துக்குக் கீழே எதாச்சும் குறிப்பு போட்டிருக்குதுங்களா?"

"ஒண்ணும் இல்லைம்மா. இங்க எல்லாப் பிரதியிலயும் ஒண்ணுதான்."

அவர் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்திருந்த பைபிளை நான் எட்டிப் பார்த்தேன். பாதிப் பக்கத்துக்குக் குறிப்பு இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்து மறைத்திருந்தார்.

அந்தம்மா தன் பைபிளை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க பைபிளையே குடுத்தனுப்புங்க தம்பி. வேணாங்கிற பக்கத்தை நான் புரட்டாம விட்டுடறேன்."

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். முன் பெஞ்சிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

புரட்டாமல் விட்டாரா அந்தம்மா? இப்போது எடைமேடைக்குக் காலையில் போன் வருகிறது. தோபித்து கதையில் பையனோடு ஒரு நாய் போகிறதே, அது கடைசியில் என்ன ஆனது என்று கேட்கிறார். புட்நோட் எல்லாப் பைபிளையும் பரப்பி வைத்துக்கொண்டு நாயைத் தேடுகிறார். பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

தொல்லை பிடித்த ஆள் என்று மேலே எழுதியிருக்கிறேன். சில பிரதிகளில் 'எங்கள் அண்ணன்' என்று இருக்கிறது.