எட்டு வரித் துறவி

“சார், உங்க பக்கத்துல எட்டு வரி காலியா நிக்குது. பத்து நிமிஷத்துல அச்சுக்குப் போகணும். ஏதாவது சொல்லுங்க, அப்படியே அடிச்சுக்கறேன்.”

பத்திரிகை ஆபீஸில் பக்கம் அமைக்கும் லேஅவுட் பெண் போனில் இப்படிச் சொன்னபோது எழுத்தாளர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தவ சமயத்தின் வரலாற்றை வாரம் இரண்டு பக்கமாக அந்தப் பத்திரிகைக்குத் தொடர் எழுதிவந்தார் அவர். சம்பளக்காரர் இல்லை, யார் கேட்டாலும் எழுதிக் கொடுப்பவர். ஆனால் தொடர் நல்லபடியாக முடிந்தால் உதவி எடிட்டர் நாற்காலி உங்களுக்குத்தான் என்று எடிட்டர் அம்மா வாய்விட்டே சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் எழுதியும் ஒரு ஸ்டூல்கூடக் கிடைக்காத மனிதருக்கு நாற்காலி என்றால் சும்மாவா?

அந்த வாரம் பாலைவனத் துறவிகளைப் பற்றிய அத்தியாயம். வாய் நிறைய நுரையோடு நிற்பவருக்கு எந்தத் துறவி ஞாபகத்துக்கு வருவார்? ஒருவரும் வரவில்லை. சரி என்று, புதிதாக ஒருவரைப் படைத்துவிட்டார்.

“எழுதிக்கம்மா. பாலைவனத்துல ஒரு துறவி. பேர் யாருக்கும் தெரியாது. யார்கிட்டயும் பேசமாட்டார். துணைக்கு ஒரு கழுதை. ஒருநாள் பெரிய பிஷப் ஒருத்தர் வந்து, எனக்குப் புத்திமதி சொல்லுங்கன்னு கேட்டார். துறவி பேசாம கழுதையைக் காட்டினார். பிஷப்புக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. கண்ணீரோட திரும்பிப் போனார்.”

“என்ன சார் புரிஞ்சுது?”

“அதுக்கு வரி இருக்கா?”

“இல்ல சார். சரியா எட்டு.”

“அப்ப விடு.”

அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வாரம் வாசகர் கடிதப் பக்கத்தில், ‘பெயர் வெளியிட விரும்பாத ஓய்வுபெற்ற திருச்சபை வரலாற்று ஆசிரியர்’ ஒருவர் கேட்டிருந்தார்: ‘கழுதைத் துறவி மனதை உருக்கிவிட்டார். இச்செய்திக்கு ஆதார நூல் எது?’

எடிட்டர் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “படிச்ச மனுஷன் ஒருத்தர் நம்ம பத்திரிகையைப் படிக்கிறார் சார்! உடனே பதில் போடுங்க.”

வீட்டில் மனைவி சொன்னாள்: “தெரியாம எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி போட்டுட்டுப் போங்களேன்.”

“தெரியாம எழுதியிருந்தா போடலாம். தெரிஞ்சேதானே எழுதினேன்!”

‘மணலும் மௌனமும்’ என்று ஒரு தலைப்பை யோசித்தார். இரண்டு பாகம், வெளிநாட்டு அறிஞர் எழுதியது, இப்போது பிரதி கிடைப்பது குதிரைக் கொம்பு என்று பதில் போட்டார். கதை அதோடு முடிந்தது என்று நிம்மதியாகக் காலை நீட்டினார்.

அடுத்த வாரமும் வந்தது வாத்தியார் கடிதம். ‘அருமையான நூல். இளமையில் இருமுறை வாசித்திருக்கிறேன். ஆனால் அதில் கழுதை இல்லையே? ஒட்டகம் அல்லவா?’

எழுத்தாளர் பத்திரிகையை மனைவியிடம் நீட்டினார்.

“இல்லாத புத்தகத்தை எப்படிங்க ரெண்டு தடவை படிச்சார்?” என்றாள் மனைவி.

“அதான் எனக்கும் பயமா இருக்கு. ஒருவேளை இருக்கோ என்னமோ!”

சட்டையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினார். ‘மணலும் மௌனமும்’ இரண்டு பாகமும் வேண்டும் என்றார். நூலகர் கம்ப்யூட்டரையும் தட்டவில்லை, தலையையும் தூக்கவில்லை.

“ஒண்ணு வெளியில போயிருக்கு. இன்னொண்ணு பைண்டிங்ல இருக்கு.”

எழுத்தாளர் வீடு திரும்பினார். வாய்க்கு வந்த தலைப்பில் நிஜமாகவே ஒரு புத்தகம் இருந்து தொலைத்திருக்கிறது! தன்னைத் தவிர ஊரே அதைப் படித்திருக்கிறதே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் சமாளித்தார்: ‘முதல் பதிப்பில் ஒட்டகம்தான். இரண்டாம் பதிப்பில் கழுதை என்று திருத்தப்பட்டது.’

வாத்தியார் விடுவாரா? ‘இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவரே என் குருநாதர். அவர் கடைசிவரை ஒட்டகத்தின் பக்கமே நின்றார்.’

ஆபீஸில் கழுதைக் கட்சி, ஒட்டகக் கட்சி என்று இரண்டு கிளம்பி, கணக்குப் பிரிவும் விளம்பரப் பிரிவும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எடிட்டர் அம்மா போன் செய்தார்.

“நம்ம ஆண்டு விழா மேடையில உங்களையும் வாத்தியாரையும் நேருக்கு நேர் உட்கார வைக்கப்போறேன். புத்தகம் ரெண்டு பாகத்தையும் கையோட கொண்டு வந்துடுங்க.”

போனை வைத்தவரின் முகத்தைப் பார்த்தே மனைவிக்குப் புரிந்துவிட்டது.

“போய் உண்மையைச் சொல்லிடுங்க. மேடையில போகப்போற மானம் அந்த ரூமுக்குள்ளயே போகட்டும்.”

போனார். எடிட்டர் அம்மா எதிரில் நின்றபடியே ஒப்பித்தார். “மேடம், புத்தகம் இருக்கு, பைண்டிங்ல இருக்கு. துறவிதான் இல்லை. கழுதையும் இல்லை. எட்டு வரி குறைஞ்சுதுன்னு நானாச் சொன்னது.”

எடிட்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“வாசகரை ஏமாத்தலாமா சார்? நாணயம்தானே நம்ம பத்திரிகைக்கு முதல்! அந்த வாத்தியார் முதல் வாரமே மோப்பம் பிடிச்சுட்டார் பாருங்க. இனிமே தொடரை அவரே எழுதட்டும். உதவி எடிட்டர் நாற்காலியும் அவருக்குத்தான்.” பிறகு கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “யாரும்மா லேஅவுட்ல? கடிதப் பக்கம் நீதானே பார்க்கறே? அந்த வாத்தியாரை எப்படியாவது பேசி நாளைக்கே எழுத வை!”

வாசலில் வந்து நின்ற லேஅவுட் பெண்ணுக்கு முகத்தில் ஈயாடவில்லை. “சரி மேடம்” என்று முனகினாள்.

எழுத்தாளர் படியிறங்கினார். நாற்காலி போயே போய்விட்டது. முகம் தெரியாத ஒரு கிழவர்மேல் அதுவரை அவருக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. பின்னால் தடதடவென்று செருப்புச் சத்தம் கேட்டது.

“சார், சார், நில்லுங்க! தொடரை நிறுத்திடாதீங்க. நீங்களே எழுதி என்கிட்ட குடுங்க, வாத்தியார் பேர்ல போட்டுக்கறேன்.”

“ஏம்மா, அதுக்கு அந்தப் பெரிய மனுஷன் சம்மதிக்க வேண்டாமா?”

லேஅவுட் பெண் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

“கடிதப் பக்கத்துலயும்தான் வாராவாரம் எட்டு வரி காலியா நிக்குது. அதை ரொப்ப நான் பெத்த பிள்ளை சார் அவர், நான் சொன்னா கேட்பார்!”