வெயில் அண்ணையின் வலை

கொழும்பு வெள்ளவத்தையில் மேகத்தோடு சொந்தப் பகை வைத்திருந்த ஒரே மனிதர் வெயில் அண்ணைதான். கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை, எங்கள் மாடிக் குடியிருப்பில் வீடு, மிச்ச நேரமெல்லாம் எதிர்காலக் கதை.

அவருடைய கதைகளில் கூரையெல்லாம் சோலார் தகடு, பல்கனியெல்லாம் தக்காளி. சமூக வலைத்தளத்துக்கு முதலாளியே கிடையாது. ஒவ்வொரு தெரு ஒழுங்கையும் ஒரு குட்டிக் கணினியில் தன் வலையைத் தானே நடத்தும்; விரும்பினால் பக்கத்து ஒழுங்கையின் வலையோடு இணைந்து பேசும்.

அந்தக் கதைகளில் ஒன்று பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. ஊர் அழகாம், ஆட்களைக் காணோமாம், திருத்தி அனுப்பினால் போடுவார்களாம். தன் கதையை ஒருமுறையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. மென்பொருள் படித்தவள் என்று என்னைப் பிடித்தார்.

"தங்கச்சி, பிழை எங்கயெண்டு சொல்லு."

"மூண்டு இருக்கு அண்ணை. மழை பெய்தா கணினிக்குக் கரண்ட் எங்கால? கண்டபடி எழுதுறவனை ஆர் நிப்பாட்டுறது? மற்றது, இதில ஒருத்தரும் சண்டை பிடிக்கேல்லை."

"எதிர்காலத்தில ஏன் பிள்ளை சண்டை?"

"கதை வெள்ளவத்தையில தானே அண்ணை நடக்குது."

கதையைச் செய்தே பார்ப்பதென்று, அடுத்த ஞாயிறே அவர் பல்கனியில் தக்காளிச் சட்டிகளும் மொட்டைமாடியில் தகடும் ஏறின. அதன் நிழலில், பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி. வீடு வீடாகத் தட்டி எல்லோருக்கும் கதையை வாசிக்கக் கொடுத்து, வலையிலும் சேர்த்தார். மழை நாளில் வலை படுத்துவிடும். அப்போது அவரே படியேறி வந்து கதவைத் தட்டுவார்.

"வலை நித்திரை. கீழ மீன்காரன் நிக்கிறானாம், சொல்லச் சொன்னவை."

எல்லாம் நன்றாகத்தான் போனது, அவருக்கு நேர் கீழ்வீட்டு நசீரா டீச்சர் வலையில் எழுதும்வரை: "வெயில் அண்ணைட தக்காளித் தண்ணி முழுக்க எங்கட காயப்போட்ட உடுப்புல ஈக்கி."

அண்ணை அதை அழித்துவிட்டார். முதலாளி இல்லாத வலைக்கு அன்றைக்கு ஒரு முதலாளி வந்தார்.

அந்த வாரமே டீச்சரின் பல்கனியில் வேறொரு தகடு மின்னியது.

"டீச்சர், இதென்ன?" மேலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார் அண்ணை.

"ஒங்கட கதைல அப்புடித்தானே ஈக்கி? புடிக்காட்டி வேற வலை."

அண்ணை என் வீட்டுக்கு வந்து இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி. ஒரு கட்டடத்தையே சேர்த்து வைச்சிருக்க ஏலாமப் போச்சு. இந்தக் கதை இனி வராது."

"டீச்சர் உங்கட வலையோட தொடர்பை வெட்டிப்போட்டாவோ?"

"எங்க வெட்டினவ? அங்கயிருந்துதான் என்னை ஏசுறா."

"அப்ப உங்கட வலை வேலை செய்யுது அண்ணை."

அண்ணை எழுந்து போய், அழித்ததைத் திரும்பப் போட்டார். தக்காளிச் சட்டிகளை உள்ளே இழுத்தார். அதன் பிறகுதான் கதையைத் திருத்த உட்கார்ந்தார். தகரத்தில் தக்காளித் தண்ணீர் சொட்டும் சத்தத்தோடு தொடங்கிய அந்தக் கதை அச்சில் வந்தது. டீச்சர் தன் வலையில் விமர்சனம் எழுதினார்: "கதை நல்லம். தண்ணி இன்னும் சொட்டுது."

இப்போது நான் நகரின் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். என் பல்கனியிலும் ஒரு சிறு தகடு. அந்த இரண்டு வலைகளோடும் பேச்சு உண்டு. வானம் மூடிய நாளில் எல்லாம் அடங்கிவிடும். அப்போதெல்லாம், அண்ணை இவ்வளவு தூரம் வரமாட்டார் என்று தெரிந்தும், கதவுப் பக்கம் ஒரு காதை வைத்துக்கொண்டே இருப்பேன்.