மாப்பிள்ளையின் ஈரலும் பிளீச்சிங் பவுடரும்

படித்த பெண் வீட்டில் இருப்பது நல்லதுதான். ஆனால் அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் விடக் கூடாது. (வேறு யாரையும் சொல்லவில்லை.)

எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், கெமிஸ்ட்ரி டிகிரியைத் தட்டுத்தடுமாறி முடித்திருந்தேன். விழுப்புரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை பெயர் ஆரோக்கியராஜ். போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த இடம் தட்டிப்போனால் சோறு இறங்காது என்கிற அளவுக்கு.

அப்போது ஊரெல்லாம் மஞ்சள் காமாலை. குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்று தெருவே பேசியது. காய்ச்சிக் குடித்தால் போதும். ஆனால் கெமிஸ்ட்ரி படித்தவள் வெறுமனே காய்ச்சுவாளா? தெருக் கிணற்றில் போடுவதற்காக அப்பா வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் பொட்டலம் கண்ணில் பட்டது. அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அதை அப்படியே எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். மாப்பிள்ளை உயிரைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

காலையில் தொட்டித் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருந்தது. எங்கள் தண்ணீரில் இரும்பு அதிகம். பவுடர் பட்டால் அது துருவாகிவிடும். (பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில்தான்.) அன்று பார்த்துக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை.

"மாதாவே! இத்த வெச்சிக்கினு நான் என்னாடி ரோஸி பண்ணுவேன்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளே, "டிகாஷன தூக்கலா போட்டா கலரு தெரியாது" என்றாள்.

கலர் தெரியவில்லைதான். ஆனால் வாசலில் கால் கழுவிய மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வெள்ளை வேட்டியெல்லாம் காவித் திட்டு. காபியை வாயருகே கொண்டுபோன மாப்பிள்ளையின் அம்மா, "என்னாங்க இது, ஆஸ்பத்திரிய கழுவி ஊத்துனாப்பல நாறுது?" என்றார். மாப்பிள்ளை மட்டும் வாயைத் திறக்காமல், அதாவது குடிப்பதற்கு மட்டும் திறந்து, டம்ளரைக் காலி செய்துகொண்டிருந்தார்.

பெண் வாய் திறக்கக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"ஐயோ, குடிக்காதீங்க! நான்தாங்க தொட்டில பவுடர கொட்டிட்டேன். ஊர்ல காமாலைங்க. உங்க ஈரலுக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுதுன்னு..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாத்தியாடா? இன்னும் தாலியே ஏறல, அதுக்குள்ள உன் ஈரல பத்தி கவலப்படுது. பேஜாரு புடிச்ச பொண்ணுதான். ஆனா இதுதான் நமக்கு."

அன்று முழுக்க மாப்பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. (காமாலை வரவில்லையே!) கல்யாணத்துக்குப் பிறகு, அந்தக் காபியை எப்படித்தான் குடித்தீர்கள் என்று கேட்டேன். "பொண்ணு புடிச்சிருக்குன்னு எப்படி சொல்றதுன்னு தெரியல. அதான் குடிச்சிட்டேன்" என்றார்.

இப்போதும் விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர் தண்ணீர் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவார்.

"தாராளமா குடிங்க. ரோஸி இன்னிக்கு தொட்டிப் பக்கம் போவல."