மஞ்சள் சுவரும் சிவப்புத் திரையும்

கொழும்பில் கேர்ட்டின் அண்ணையைப் போல ஒரு துணிச்சல்காரரை நான் கண்டதில்லை. அந்தத் துணிச்சல் முழுவதும் வீட்டு அலங்காரத்தில்தான். வெள்ளவத்தைத் துணிக்கடை ஒன்றில் கேர்ட்டின் திரைச்சீலை வெட்டிக் கொடுப்பவர். கழுத்தில் எப்போதும் அளவுநாடா. சொந்தப் பெயர் பொலிஸ் பதிவுக்கு மட்டும்தான் தெரியும்.

யுத்த காலம். நாங்கள் ஆறு பேர் ஓர் அக்கா வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சாப்பாட்டறை என்று ஒன்று இருந்தது. அழுக்குச் சுவர், கண்ணைக் குத்தும் டியூப் லைட், நடுவில் நீள மேசை. அதில் ஒருவரும் உட்காருவதில்லை. ஆளுக்கொரு தட்டோடு போய்க் கட்டிலில் இருந்து சாப்பிடுவோம். அண்ணைக்கு இது பொறுக்கவில்லை.

“ஊரை விட்டிட்டு வந்து, தனித்தனியாச் சுவரைப் பாத்துச் சாப்பிடுறியள். ஒருநாளைக்கு உங்கள் எல்லாரையும் இந்த மேசையில இருத்திக் காட்டுறன்.”

ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, அக்கா தெஹிவளைக்குப் போன நேரம் பார்த்து, எங்களையும் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். சுவருக்கு மாம்பழ மஞ்சள். லைட்டுக்குப் பனையோலைப் பெட்டியில் ஒரு மூடி. ஜன்னலுக்குச் சிவப்புத் திரை. அறை கல்யாண வீடு மாதிரி ஜொலித்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பி வந்த அக்கா வாசலிலேயே விறைத்துப்போனார்.

“சிவப்பும் மஞ்சளுமோ? தம்பி, உமக்கென்ன விசரோ? செக்கிங் வந்தால் இயக்கக் கொடி நிறம் எண்டு எல்லாரையும் அள்ளிக்கொண்டு போயிடுவாங்கள். இண்டைக்கே மாத்தும். இல்லாட்டி வேற இடம் பாரும்.”

தனி ஆளான தமிழனுக்கு அந்த நாளில் வேறு அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. அண்ணை பெரிய பாத்திரத்தில் நீலச் சாயம் கரைத்தார். எல்லோருமாகத் திரைகளை முக்கிப் பிழிந்தோம். திரை ஊதாவானது. நாங்கள் முழங்கை வரை நீலமானோம்.

திரையைத் திரும்ப மாட்டி முடிக்கவும் செக்கிங் வரவும் சரியாக இருந்தது. பொலிஸ்காரர்கள் அடையாள அட்டைகளை விட்டுவிட்டு எங்கள் கைகளையே பார்த்தார்கள்.

“மொக்கத மே?” இது என்ன என்று சார்ஜன்ட் சிங்களத்தில் உறுமினார்.

அண்ணை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டறையை அழகாக்குகிறோம் என்று சிங்களத்தில் சொன்னார். நெற்றியும் நீலமானது. சார்ஜன்ட் உள்ளே போய் நெடுநேரம் பார்த்தார். பிறகு அண்ணையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா அழுதுகொண்டே அவருடைய தட்டில் சோறு போட்டு மூடிவைத்தார். “வேற இடம் பாரும் எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். பொலிசுக்குப் போகவே சொன்னனான்?” என்று புலம்பினார். ஒருவருக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குப் போக மனம் வரவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜீப் திரும்பி வந்தது. கழுத்தில் அளவுநாடா, வாயெல்லாம் பல்லாக அண்ணை இறங்கினார்.

“சார்ஜன்ட் வீட்டில ரெண்டு ஜன்னல். அளவெடுத்திட்டு வாறன். மனுசிக்கு இதே ஊதாதான் வேணுமாம்.”

பிறகுதான் எங்களைக் கவனித்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

“பாத்தியளே, இருத்திப்போட்டன்” என்றார்.

இன்று என் வீட்டுச் சாப்பாட்டறையும் மஞ்சள்தான். சிவப்புத் திரை போட்டாலும் கேட்க ஆளில்லை. ஊதாவே போட்டிருக்கிறேன். பிள்ளைகள் தட்டோடு அறைக்குள் நழுவும்போது, “மேசையில இருந்து சாப்பிடுங்கோ” என்று கூப்பிடுகிறேன். அப்போதெல்லாம் அண்ணையை ஒருமுறை பார்க்க வேண்டும்போல இருக்கிறது.