மேகத்துக்கு மேல் இருபதாயிரம் புள்ளி

"பணத்தை உள்ள வை மச்சான். கார்டு நான் போடறேன். நீ காசை என் கையில குடுத்துடு."

ஃபிரிட்ஜ் கடையின் கல்லா முன்னால் நின்று மேகம் இப்படிச் சொன்னதும், அவர் மனைவியின் தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். பதினாறு வருஷப் பழக்கத்தில் மாமா ஒரு டீக்குக்கூட முந்திக்கொண்டு சட்டைப்பையில் கை விட்டதில்லை.

"மாமா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"போடா. நாப்பதாயிரத்துக்கு ஆயிரத்து அறுநூறு புள்ளி. சும்மா வர்றதை எதுக்கு விடணும்?"

மேகம் என்பது அப்பா அம்மா வைத்த பேரில்லை. லிஃப்ட் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற மெக்கானிக்குகள் வைத்தது. மொட்டைமாடி மோட்டார் அறைக்கு கிரீஸ் போட ஏறினால் மனுஷர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார். கீழே இருப்பவன் "ஏத்தட்டுமா, இறக்கட்டுமா?" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போவான். இவருக்குக் காதில் விழுந்தால்தானே!

இத்தனைக்கும் இந்தப் புள்ளிப் பைத்தியம் அவருக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. அவர் மனைவி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்ப்பவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்கு எடுத்துவந்த துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். நீலத் துணி, அதில் வெள்ளை வெள்ளையாக மேகம். தையல் இயந்திரத்துக்கடியில் மேகங்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போவதைப் பார்த்தபடி, "மேகத்தை மேல இருந்து பாத்தா எப்படிங்க இருக்கும்?" என்றார். கேட்டார், நூலை வெட்டினார், மறந்துவிட்டார்.

இவர் மறக்கவில்லை. கட்டின நாளிலிருந்து அந்த அம்மாள் தனக்கென்று எதுவுமே கேட்டதில்லை என்பது அந்த நிமிஷம்தான் அவருக்கு உறைத்தது. மறுநாளே வங்கியில் ஒரு படம் கண்ணில் பட்டது. சுற்றிலும் கடல், நடுவில் பச்சையாக ஒரு தீவு, மேலே ஒரு குட்டி விமானம். 'இருபதாயிரம் புள்ளிகள், இருவருக்கு விமானப் பயணம்.' நூறு செலவழித்தால் நாலு புள்ளி. அவர் கிரெடிட் கார்டில் பதினோராயிரத்துச் சொச்சம் ஏற்கெனவே கிடந்தது. மீதியை வருஷக் கடைசிக்குள் சேர்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் பழைய புள்ளிகளும் போய்விடும். ஆசை யாரை விட்டது?

ஃபிரிட்ஜுக்கான பில் வந்தது. அதில் ரெண்டு தொகை போட்டிருந்தது. மேலே மொத்தத் தொகை. கீழே, 'செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை, இரண்டாயிரம்.'

"அடடா, என்ன நல்ல மனசு!" என்று நெகிழ்ந்துபோனார் மேகம். மச்சான் கொடுத்த நாற்பதாயிரத்தில் ரெண்டாயிரத்தை வங்கியில் கட்டினார். மீதியைத் தீவில் தங்கும் அறைக்கும் படகுக்குமாக ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, ஸ்பேனர் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார்.

விஷயம் சூப்பர்வைசர் காதுக்குப் போனது. சாப்பாட்டு வேளையில் மோட்டார் அறைக்கே வந்து பிடித்தார்.

"ஏன்யா மேகம், கட்டாத பாக்கிக்கு வட்டி போடுவானேய்யா!"

"போடட்டும் சார். லிஃப்ட் எப்படி மேல போகுது? அந்தப் பக்கம் கட்டின எதிர்ப்பளு கீழ போறதாலதானே? கடன் கொஞ்சம் கீழ இறங்கினாத்தான் புள்ளி மேல ஏறும்."

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு கேள்விப்பட்டிருக்கியா?"

"சுண்டைக்காய்க்குப் புள்ளி உண்டா சார்?"

சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார். படியில் நாலடி இறங்கியவர் திரும்பி வந்தார்.

"சரி, என் வண்டிக்கு நாலு டயர் மாத்தணும். உன் கார்டு, என் காசு. என்ன சொல்றே?"

டயரால் ஆயிரம் புள்ளி ஏறியது. பிறகு மச்சானின் மாமியாருக்கு மெத்தை, மாடிவீட்டுக்காரருக்குக் கணினி என்று ஊரே இவர் கார்டில் குடித்தனம் நடத்தியது. பாதிப்பேர் காசை 'அடுத்த மாசம்' என்று இழுத்தார்கள்; இருந்தும் டின் நிரம்பியது. மோட்டார் அறை ஜன்னலில் நிற்கிறபோதெல்லாம், மனைவி விமான ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்குக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. கையில் ஊசி இல்லை, கழுத்தில் அளவு டேப் இல்லை. கீழே பஞ்சு பஞ்சாக வெள்ளை. "என்னங்க, இது துணி மாதிரியே இல்லீங்க" என்று அவர் சொல்வதுகூடக் கேட்டது.

மூன்றாம் மாசம் பில்லை ரெண்டு தடவை படித்தார். குறைந்தபட்சமே எட்டாயிரம்! வட்டி என்று தனியாக ஒரு வரி, அந்த வட்டிக்கு வட்டி என்று கூடவே ஒட்டிக்கொண்டு இன்னொரு தொகை. வங்கிக்குப் போன் போட்டார்.

"நான்தான் மாசாமாசம் ஒழுங்காக் கட்டறேனேம்மா?"

"குறைந்தபட்சம்தானே சார் கட்டறீங்க. பாக்கிக்கு வருஷத்துக்கு நூத்துக்கு நாப்பது வட்டி. பாக்கி இருக்கற வரைக்கும் புதுசா வாங்கற சாமானுக்கும் வாங்கின நாள்லேர்ந்தே வட்டி ஓடும் சார்."

"அப்ப புள்ளி?"

"புள்ளி பத்திரமா இருக்கு சார்."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. டின்னிலிருந்து எடுத்து எட்டாயிரம் கட்டினார். அடுத்த மாசமும் எடுத்தார். படகு போயிற்று, பிறகு அறையும் போயிற்று. டின்னில் பழைய பிஸ்கட் தூள் மட்டும் மிஞ்சியபோது அவர் செய்த காரியத்தைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதே கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்து, நாலு தெரு நடந்து போய், அதே கார்டுக்குக் கட்டினார். அப்படி எடுக்கிற பணத்துக்கு எடுக்கிறபோதே கட்டணம் உண்டு, புள்ளி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

எப்படியோ டிசம்பரில் புள்ளி பத்தொன்பதாயிரத்து எண்ணூற்று எண்பதைத் தொட்டது. இன்னும் நூற்றிருபதுதான். அதற்குமுன் அந்த மாசக் குறைந்தபட்சத்தைக் கட்ட வேண்டும். கடைசி நாள் வியாழன், மாலை நாலு மணிக்குள். கையில் காசு தயாராக இருந்தது. புதன்கிழமை எதிர்வீட்டுக்காரருக்குப் பல் செட்டு கட்டக் கார்டு போட்டதில் வந்த பணம் அது; அதன் புள்ளியும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். அந்தப் பல்லுக்காக, பத்துமாடிக் கட்டடம் ஒன்றில் அன்றைக்குப் பார்க்க வேண்டிய லிஃப்ட் பழுதை மறுநாளைக்குத் தள்ளியிருந்தார்.

வியாழன் மத்தியானம் அந்தக் கட்டடத்துக்குப் போனார். போனைக் கருவிப்பெட்டியோடு கீழேயே வைத்துவிட்டு, 'சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்' என்று லிஃப்டுக்குள் ஏறினார். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் அது நின்றது. அவர் நேற்றே சரிசெய்திருக்க வேண்டிய அதே பழுதுதான்.

மணியை அழுத்தினார், கதவைத் தட்டினார், கூப்பிட்டுப் பார்த்தார். பகல் நேரம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். கடைசியில் தரையில் உட்கார்ந்தார். மேலே சின்ன மின்விசிறி மெல்லிய சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. கண் செருகியது. லிஃப்ட் தானாகக் கிளம்பினாற்போல் இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து. மொட்டைமாடியைத் தாண்டிச் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கதவு திறந்தால் வாசற்படி மட்டத்தில் வெள்ளை வெளேரென்று மேகம். அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை மட்டும் எடுத்துவைத்து, "தாங்குதுங்க!" என்றார். இவரும் செருப்பைக் கழற்றினார். இதற்காக எத்தனை வட்டி வேண்டுமானாலும் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டார்.

"யோவ் மேகம்! உள்ள தூங்கறியா?"

சூப்பர்வைசர் வந்து கதவை நெம்பித் திறந்தபோது மணி ஆறு.

மறுநாள் வங்கி திறந்ததும் முதல் ஆளாகப் போய்ப் பணத்தைக் கட்டினார். ஒரு ராத்திரித் தாமதத்துக்கு யாராவது முகம் சுளிப்பார்களா என்ன? அப்படியே கடைவீதிக்குப் போய் எட்டாயிரத்து ஐந்நூறுக்கு ரெண்டு சூட்கேஸ் வாங்கினார். முந்நூற்று நாற்பது புள்ளி! இருபதாயிரத்தைத் தாண்டியாகிவிட்டது. பக்கத்துக்கு ஒன்றாக உருட்டிக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்குள் நுழைந்தார்.

"ஏம்மா, கிளம்பு! நாம மேகத்துக்கு மேல போறோம்!"

மனைவி தையலை நிறுத்தவில்லை.

"பேங்க்ல இருந்து போன் வந்துச்சுங்க. நேத்து உங்க போன் எடுக்கலையாம், அதான் வீட்டுக்குப் பண்ணாங்க. தவணை தவறிடுச்சாம். அபராதம் போட்டிருக்காங்களாம். தவறினா அதுவரைக்கும் சேர்ந்த புள்ளியெல்லாம் ரத்தாம்."

சூட்கேஸ் ஒன்று தானாக உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"பாக்கி எவ்வளவுன்னு கேட்டேன். ஒண்ணரை லட்சம்னாங்க. வேற யார் வீட்டுக்கோ போட்ட போன்னு நெனச்சேன்." அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "யாருக்காகங்க இதெல்லாம்?"

"நீதானே கேட்டே... மேகத்தை மேல இருந்து..."

"கேட்டது கேள்விங்க! டிக்கெட்டா கேட்டேன்?"

அந்த அம்மாள் அழுதார், அப்புறம் திட்டினார், திட்டுகிற நடுவிலேயே சிரிப்பும் வந்து அதற்காகவும் ஒரு தடவை திட்டினார். மேகம் சூட்கேஸ் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல்முறையாக வானத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

மனைவி பேரில் அதே வங்கியில் ஒரு வைப்புத்தொகை இருந்தது. மோட்டார் வைத்த தையல் இயந்திரம் வாங்க ஏழு வருஷமாகச் சேர்த்தது. ஒன்றரை மாசத்தில் முதிர்ந்தது. ரெண்டு பேரும் போய் அதை வாங்கி, அப்படியே பக்கத்துக் கவுண்டரில் கார்டுக்குக் கட்டினார்கள். வட்டி, கட்டணம், அபராதம் எல்லாவற்றையும் மனைவி ரசீதின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தார். அந்தத் தீவுக்கு நாலு டிக்கெட் வாங்குகிற பணம்.

"என் காசுக்கு எனக்கு நூத்துக்கு ஆறு குடுத்திருக்காங்க. அதையே உங்களுக்கு நாப்பதுக்கு வித்திருக்காங்க" என்றார். "எனக்கும் உங்களுக்கும் நடுவுல ஒரே வீட்டு வாசப்படிதாங்க."

சூட்கேஸ் புண்ணியத்தில் மிஞ்சிய முந்நூற்று நாற்பது புள்ளிக்கு ஏதாவது உண்டா என்று பரிசுக் கவுண்டரில் கேட்டார்கள். அங்கிருந்த பெண் உள்ளே போய்த் தேடி, விமானத்தில் தூங்குகிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தலையணை ஒன்றைக் கொண்டுவந்தாள். மனைவி அதை வாங்கிக் கணவர் கழுத்தில் மாட்டிவிட்டார். அவரும் கழற்றாமல் நின்றார்.

கவுண்டருக்குப் பின்னால் அந்தத் தீவின் படம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி கொஞ்சநேரம் அதையே பார்த்தார்.

"ஏம்மா, அந்த இடம் நெசமாவே இப்படித்தான் இருக்குமா?"

"ஐயோ அம்மா, படத்துல பாக்கறது ஒண்ணுமே இல்ல!" அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "போன வாரம்தான் எங்க கிளை ஆளுங்க மொத்தப் பேரும் போயிட்டு வந்தோம். கார்டு வசூல்ல முதல் கிளைக்கு அதுதான் பரிசு. நாங்களும் இன்னொரு கிளையும் கடைசி வரைக்கும் சரிசமமா இருந்தோம். ஒரு வியாழக்கிழமை, நாலு மணி அடிச்சதும் யாரோ ஒரு புண்ணியவான் கார்டுல அபராதம் விழுந்துச்சு பாருங்க, நாங்க ஜெயிச்சுட்டோம். அவர் யாருன்னே எங்களுக்குத் தெரியாதும்மா. ஆனா விமானம் மேகத்துக்கு மேல போனதும், எல்லாருமா அவருக்காக ஒரு தடவை கை தட்டினோம்."