ஸ்டெப்னி அண்ணாச்சியின் நாலு ஓட்டைச் சக்கரம்

புதுக் கார் எடுத்த அன்று, ஷோரூமில் என் ஸ்டெப்னியைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்றே நம்பினேன். டிக்கியில் விரிப்பைத் தூக்கிப் பார்த்தால், சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பை. உள்ளே ஒரு பாட்டில் கோந்து, கைக்கு அடக்கமாக ஒரு பம்ப்.

“இப்ப வர்ற வண்டியில ஸ்டெப்னி கிடையாது சார். பஞ்சரானா இதை வச்சுச் சமாளிச்சுக்கலாம்” என்றார் விற்பனையாளர். திருடனைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டு, நேரே ஸ்டெப்னி அண்ணாச்சியிடம் போய்ப் புலம்பினேன்.

மாற்று இல்லாமல் மூச்சுக்கூட விடாத மனிதர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான். பாளையம்பட்டியில் எங்கள் எதிர்வீடு. கிணற்று மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவது தொழில். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டு மூக்குக் கண்ணாடி. மழையே எட்டிப் பார்க்காத ஊரில் இரண்டு குடை. பெண் பார்க்கப் போன இடத்தில், “இந்த வீட்டுல இன்னொரு பொண்ணு இருக்கா?” என்று கேட்டு அடி வாங்கப் பார்த்தவர்.

“ஸ்டெப்னி இல்லாத காரா! செருப்பு இல்லாம கருவேலங்காட்டுக்குள்ள போற மாதிரில்ல தம்பி!” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை திருச்சுழி கோயிலில் என் தங்கை மகளுக்குக் காது குத்து. ஒன்பதரைக்குள் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். நான் பிந்தினால் போதும், என் பெரியப்பா மகன் வேட்டியை நீவிவிட்டு மடியைத் தயாராக வைத்திருப்பான். அவன் முன்னால் புதுக் காரில் போய் இறங்குவது என் லட்சியம்.

காலையில் அண்ணாச்சி தன் பழைய காரின் ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். முப்பது வருடமாகத் தேவைப்படாமல் புதுசாகவே இருந்த சக்கரம். கூடவே ஜாக்கி. அதுவும் இரண்டு. எல்லாவற்றையும் டிக்கியில் ஏற்றிவிட்டு அவரும் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில், சுற்றிலும் கருவேலம் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. டயர் படம்.

“போச்சு! டயர் போச்சு! மடி போச்சு!” என்று கத்திக்கொண்டே நிறுத்தினேன். அண்ணாச்சிக்கோ முகமெல்லாம் சிரிப்பு. முப்பது வருடமாகக் காத்திருந்த வேளை அல்லவா? டயரைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் சக்கரத்தை இறக்கிக் கார் பக்கத்தில் உருட்டி நிறுத்தினார். என் வண்டிச் சக்கரத்தில் போல்ட் ஐந்து. அவருடையதில் ஓட்டை நாலு.

“ஒரு ஓட்டைதான தம்பி கம்மி” என்றார்.

மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. பின்னால் திருச்சுழி பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, “ஏறுறீகளா, இல்ல காருக்குத் தீபாராதனை காட்டப் போறீகளா?” என்றார்.

“காரை எப்படிண்ணாச்சி விட்டுட்டுப் போறது?”

“பிள்ளை உக்காரப் போறது ஒன் மடியிலயா, காரு மடியிலயா? ஏறுலே! நான் பாத்துக்கிறேன்.”

சாவியைக் கொடுத்துவிட்டு ஏறினேன். திரும்பிப் பார்த்தேன். அந்தச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்து ஒரு குடையை விரித்திருந்தார். இன்னொரு குடையைக் காருக்குப் பிடித்திருந்தார்.

வியர்வையும் டீசல் புகையுமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். ஆனால் பிள்ளை என் மடியில்தான் வீறிட்டது. பெரியப்பா மகன் வேட்டி கசங்கவில்லை.

பந்தியில் இலை போடும்போது அண்ணாச்சியே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். பஞ்சரே இல்லையாம். காற்றுதான் கொஞ்சம் குறைவு. என்னை அனுப்பிவிட்டு, வண்டியோடு வந்த புத்தகத்தை இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்திருக்கிறார். அந்தக் குட்டிப் பம்பை எடுத்துக் காற்றடிக்க, விளக்கு அணைந்துவிட்டது.

ஊர் திரும்பியதும், “ஒன் டிக்கியிலயே கெடக்கட்டும் தம்பி, ஒரு தைரியத்துக்கு” என்று சக்கரத்தை விட்டுவிட்டுப் போனார்.

என் வண்டிக்கு அது ஒருநாளும் பொருந்தாது. நான் இன்னும் இறக்கவில்லை.